பாண்டிச்சேரி, 1689: ஒரு வால்நட்சத்திரம், ஒரு சின்ன டெலஸ்கோப்

ஒரே கேள்வியைத்தான் நிறைய பேர் திரும்பத் திரும்ப அனுப்புறீங்க: "வால்நட்சத்திரம் பார்க்க என்கிட்ட இருக்கிற சின்ன டெலஸ்கோப் போதுமா?" நேரடியா பதில் சொல்றதைவிட, ஒரு கதையா சொல்லலாம்னு தோணுச்சு. கதை நடந்த இடம், சென்னையிலிருந்து ஈசிஆர்ல போனா மூணு மணி நேரத்துல வந்துடுற ஊர். காலம், 1689 டிசம்பர்.

அந்த டிசம்பரில் பாண்டிச்சேரியில் ழான் ரிஷோ என்கிற பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் ஒரு வால்நட்சத்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடிச்சது அவர் இல்லை. வெறும் கண்ணுக்கே தெரிஞ்ச வால்நட்சத்திரம் அது. ஆனா அதைத் தொடர்ந்து பார்த்துக்கிட்டிருந்த நாட்களில், பக்கத்தில் இருந்த ஒரு பிரகாசமான நட்சத்திரம் உண்மையில் ஒண்ணு இல்லை, ரெண்டுன்னு கண்டுபிடிச்சார். அதுதான் ஆல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டா நமக்கு மிக அருகில் இருக்கிற நட்சத்திரக் குடும்பம். ஹாலிவுட் படத்துல வேற்றுக்கிரகவாசிகள் எங்கிருந்தாவது வரணும்னா முதல்ல எடுக்கிற பேர்.

இந்தியாவிலிருந்து டெலஸ்கோப் மூலமா செய்யப்பட்ட முதல் வானியல் கண்டுபிடிப்பு இதுதான்னு ராஜேஷ் கோச்சர் மாதிரியான வானியல் வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. பெருமைப்படலாம். ஆனா யாரோட பெருமை அது? இந்தக் கேள்விக்குக் கடைசியில வர்றேன்.

சயாமிலிருந்து வந்த அகதி

ரிஷோ பாண்டிச்சேரிக்குன்னு கிளம்பி வந்தவர் இல்லை. அவர் போக வேண்டிய இடம் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து.

1680-களில் பிரான்சில் பதினான்காம் லூயியின் ஆட்சி. கிழக்கு நாடுகளோடு வியாபாரம் வேணும், செல்வாக்கு வேணும். அதுக்குக் கடல்வழி தெளிவா தெரியணும். அந்தக் காலத்து மாலுமிகளுக்குப் பெரிய தலைவலி தீர்க்கரேகைதான். வடக்கு-தெற்கில் நாம எங்கே இருக்கோம்னு சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ வச்சு சொல்லிடலாம். கிழக்கு-மேற்கில் எங்கே இருக்கோம்னு சொல்றது ரொம்பக் கஷ்டம். ஒரே வான நிகழ்வை, உதாரணமா ஒரு கிரகணத்தையோ வியாழனின் நிலவு மறையுறதையோ, பாரிசிலும் தூர தேசத்திலும் பார்த்து, ரெண்டு இடத்து நேரத்தையும் ஒப்பிட்டா தீர்க்கரேகை கிடைக்கும். ஆனா அதுக்குத் தூர தேசத்தில் டெலஸ்கோப்போட ஆள் இருக்கணும்.

அதனால் 1685-ல் ஆறு சேசு சபைக் கணித அறிஞர்கள் சயாமுக்குக் கப்பலேறினார்கள். மதம் பரப்புவது ஒரு வேலை, வானத்தை அளப்பது இன்னொரு வேலை. போற வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கினப்போ, திரிசங்கு நட்சத்திரக் கூட்டத்தின் அடியில் இருக்கிற நட்சத்திரம் இரட்டை என்று அவர்களில் ஒருவரான ஃபோந்தனே கண்டார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

சயாம் மன்னர் நாராய்க்கு இந்த விஷயங்களில் உண்மையாவே ஆர்வம் இருந்துச்சு. 1685 டிசம்பரில் லோப்புரியில் சந்திர கிரகணத்தை அவர்களோடு சேர்ந்து பார்த்தார். அவர் கிரகணம் பார்க்கும் காட்சியைக் காட்டுகிற பழைய பிரெஞ்சுச் சித்திரங்கள் இன்னைக்கும் இருக்கு. லோப்புரியில் ஒரு வான் ஆய்வுக் கோபுரமும் எழுந்தது. வாட் சான் பாவ்லோன்னு தேடிப் பாருங்க, செங்கல் இடிபாடு இன்னும் நிக்குது. 1687-ல் இரண்டாவது குழுவாக இன்னும் 14 சேசு சபையினர் வந்தார்கள். ரிஷோ அந்தக் குழுவில் ஒருவர்.

ஒரு வருஷம் கூட ஒழுங்கா ஓடல. 1688-ல் பெத்ராச்சா என்கிற தளபதி ஆட்சியைக் கைப்பற்றினார். பிரெஞ்சுக்காரர்களுக்கு நெருக்கமாயிருந்த அமைச்சர் ஃபால்கன் ஜூன் மாசம் கொல்லப்பட்டார். ஜூலையில் மன்னர் நாராய் இறந்துபோனார். பாங்காக் கோட்டையில் முற்றுகையில் மாட்டிய பிரெஞ்சுப் படை, வருஷக் கடைசியில் உடன்பாடு செய்துகொண்டு வெளியேறிப் பாண்டிச்சேரிக்கு வந்தது. சயாமில் வானியல் செய்யும் திட்டம் அத்தோடு முடிஞ்சது. அப்படி அந்தக் கலவரம் சிதறடிச்ச ஆட்களில் ஒருவராத்தான் ரிஷோ பாண்டிச்சேரியில் இருந்தார்.

அப்போ பாண்டிச்சேரி எப்படி இருந்தது?

வெள்ளை நகரம், காபி கடை, மஞ்சள் சுவர் எல்லாத்தையும் மனசுல இருந்து அழிச்சுடுங்க. பிரான்சுவா மார்த்தேன் 1674-ல் ஊன்றிய ஒரு சின்ன வியாபாரக் குடியிருப்பு, அவ்வளவுதான்.

சுத்தி இருந்த நிலைமையும் அமைதியா இல்லை. 1687-ல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடிச்சாச்சு. 1689 மார்ச்சில் மராத்திய மன்னர் சம்பாஜி கொல்லப்பட்டார். அவர் தம்பி ராஜாராம் தப்பித்து வந்து தஞ்சம் புகுந்த இடம் செஞ்சிக் கோட்டை. பாண்டிச்சேரியிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்ளதான். அடுத்த எட்டு வருஷம் செஞ்சியை முகலாயப் படை முற்றுகை போடப்போகுது. ஐரோப்பாவில் பிரான்சுக்கும் டச்சுக்காரர்களுக்கும் போர் வேற. நாலே வருஷத்தில், 1693-ல், டச்சுக்காரர்கள் வந்து பாண்டிச்சேரியையே பிடிச்சுடுவாங்க.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, ரிஷோ வானம் பார்த்தது ஓர் ஆய்வகத்தில் இல்லை. ஒரு கலவரத்திலிருந்து வந்து, அடுத்த போர் வரப்போற ஒரு கரையில் கிடைச்ச இடைவெளியில்தான் பார்த்தார்.

கையில் என்ன டெலஸ்கோப்?

சுமார் 12 அடி நீளக் குழாய். பிரெஞ்சு அடிக் கணக்கில் கிட்டத்தட்ட 4 மீட்டர். ஒரு ஹேட்ச்பேக் கார் நீளம். இது எப்படிச் 'சின்ன டெலஸ்கோப்' ஆகும்னு கேப்பீங்க.

அந்தக் காலத்து டெலஸ்கோப்பில் முன்னாடி ஒரே ஒரு கண்ணாடி வில்லை. ஒற்றை வில்லை வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சுடும். நட்சத்திரத்தைச் சுத்தி நீலம், சிவப்புன்னு ஓரம் கட்டும். அதைக் குறைக்க அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழி, வில்லையை ரொம்ப மெலிசா வளைச்சு, குழாயை நீளமாக்குறது. பாரிசில் காசினி 1684-ல் சனியின் இரண்டு நிலவுகளைக் கண்டுபிடிச்சது 100 அடிக்கும் அதிகமான நீளமுள்ள டெலஸ்கோப்புகளால். அதுக்குப் பக்கத்தில் 12 அடின்னா பயணத்துக்கு எடுத்துட்டுப் போற கருவி. சில சென்டிமீட்டர் அகலமுள்ள வில்லையைத் துணியில் சுத்திப் பெட்டியில வச்சுக்கலாம். குழாயை எந்த ஊர்த் தச்சர்கிட்டயும் சொல்லிச் செய்யலாம்.

வெளிச்சம் வாங்குறதிலயும் நுணுக்கத்தைப் பிரிச்சுக் காட்டுறதிலயும் அது இன்னைக்குக் கடையில கிடைக்கிற 60, 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பைத் தாண்டாது. உங்க கிட்ட இருக்கிறது குட்டையா, நிறச் சிதறல் குறைவா, டிரைபாட்மேல நிக்குது. ரிஷோ கருவி அனுபவிச்ச கஷ்டம் எதுவும் அதுக்கு இல்லை.

அந்த விடியற்காலை

1689 டிசம்பர் வால்நட்சத்திரம் தெற்கு வானத்தில் இருந்தது. சென்டாரஸ் கூட்டத்தின் பக்கம். டிசம்பர் மாசம் அந்தக் கூட்டம் நமக்குத் தெரியணும்னா விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி எழுந்திருக்கணும். தென்கிழக்கில், அடிவானத்தை ஒட்டி மெதுவா எழும்பும். சூரியன் வர்றதுக்குள்ள கையை நீட்டி முஷ்டி பிடிச்சா ஒன்றரை முஷ்டி உயரம்கூட வராது. அதுக்குள்ள பார்த்து முடிச்சாகணும்.

வால்நட்சத்திரத்தை அவங்க அவ்வளவு அக்கறையா ஏன் பார்த்தாங்க? காலங்காலமா அது ஒரு சகுனம். தூமகேதுன்னு பேர். ராஜாவுக்கு ஆகாது, நாட்டுக்கு ஆகாதுன்னு பயம். ஐரோப்பாவிலும் அதே பயம் இருந்தது. ஆனா ரெண்டே வருஷம் முன்னாடி, 1687-ல், நியூட்டனின் பிரின்சிபியா வெளிவந்திருந்தது. 1680-ல் வந்த பெரிய வால்நட்சத்திரத்தின் பாதையை எடுத்து, கிரகங்களை இழுக்கிற அதே ஈர்ப்புதான் இதையும் இழுக்குதுன்னு அதில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். இந்த மாதிரிக் கணக்குக்குத் தேவை ஒண்ணே ஒண்ணு: ஒவ்வொரு நாளும் அது எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்ததுங்கிற பதிவு. தெற்கே போயிட்ட வால்நட்சத்திரத்தை ஐரோப்பாவிலிருந்து சரியாப் பார்க்க முடியாது. அங்கே தெற்கத்திய ஆட்களோட பதிவுக்கு மதிப்பு வருது.

இப்போ நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். வால்நட்சத்திரத்தைப் பெரிய டெலஸ்கோப்பில் அதிக உருப்பெருக்கத்தில் பார்த்தா ஏமாற்றம்தான் மிஞ்சும். அது பரந்து கிடக்கிற மங்கலான ஒளி. பெரிசாக்கப் பெரிசாக்க வெளிச்சம் பரவி, வானத்தோட கலந்துடும். வால் முழுசாத் தெரியணும்னா வெறும் கண் அல்லது பைனாகுலர். தலைப் பகுதியைப் பார்க்கச் சின்ன டெலஸ்கோப், அதில் இருக்கிறதிலேயே குறைந்த உருப்பெருக்கம். அப்புறம் முக்கியமா, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களைக் கவனிங்க. நேத்து எந்த நட்சத்திரத்துக்கு மேல இருந்தது, இன்னைக்கு எங்கே போயிருக்குன்னு ஒரு நோட்டுல வரைஞ்சு வைங்க. அது நகர்றது உங்க கண்ணாலேயே தெரியும்.

ரிஷோ செஞ்சதும் இதைத்தான். பாரிசில் அச்சான அவரது குறிப்பு ரொம்பச் சின்னது. அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்றேன். வால்நட்சத்திரத்தைச் சாக்கா வச்சு, சென்டாரசின் பாதங்களைப் பல தடவை திரும்பப் போய்ப் பார்த்திருக்கார். அதில் கிழக்கே இருக்கிற, அதிகப் பிரகாசமான பாதம் இரட்டைன்னு தெரிஞ்சது. திரிசங்கின் அடி நட்சத்திரமும் இரட்டைதான். ஆனா அங்கே ரெண்டும் நல்லா விலகித் தெரியுது. இங்கே டெலஸ்கோப்பிலேயே ஒண்ணையொண்ணு தொடுற மாதிரி இருக்கு, இருந்தாலும் தனித்தனியாச் சுலபமாப் பிரிச்சுப் பார்க்க முடியுது. அவ்வளவுதான்.

முதல் குழு பார்த்த திரிசங்கு இரட்டையை அவர் ஒப்பிடுறதைக் கவனிச்சீங்களா? முன்னாடி போனவங்க கண்டதைத் தெரிஞ்சு வச்சிருந்ததால்தான், தன் கண்ணில் பட்டது லென்ஸின் கோளாறில்லைன்னு அவரால் சொல்ல முடிஞ்சது. அடுத்தது 'பல தடவை' என்கிற விஷயம். ஒரு தடவை பார்த்தவர் வால்நட்சத்திரத்தைப் பார்த்திருப்பார், போயிருப்பார். திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போனவருக்குத்தான் பக்கத்தில் இருந்ததும் கண்ணில் பட்டது.

அது எவ்வளவு நெருக்கமான இரட்டைன்னு ஒரு அளவு சொல்றேன். அப்போ இரண்டுக்கும் நடுவே தெரிஞ்ச இடைவெளி சுமார் 8 விகலை. ஒரு காரின் ரெண்டு ஹெட்லைட்டையும் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் தள்ளி நின்னு பார்த்தா எப்படி இருக்குமோ, அப்படி. வெறும் கண்ணுக்கு வாய்ப்பே இல்லை. ரிஷோவின் சின்ன வில்லைக்கு அது எட்டுற தூரத்தில்தான் இருந்தது.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. பாரிசில் காசினி கிட்ட 100 அடி டெலஸ்கோப் இருந்தது. ஆனா ஆல்ஃபா சென்டாரி பாரிசின் அடிவானத்துக்கு மேல வர்றதே இல்லை. எவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தாலும் அதைப் பார்க்க முடியாது. 12 டிகிரி வடக்கில், மணல் கரையில் நின்ன 12 அடிக் குழாய்க்கு அது தெரிஞ்சது.

அப்புறம் என்ன ஆச்சு?

ரிஷோவுக்குத் தான் பார்த்ததன் அர்த்தம் தெரியாது. அன்னைக்கு யாருக்குமே தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் தெரியுற ரெண்டு நட்சத்திரம் நிஜமாவே ஒண்ணையொண்ணு சுத்துமா, இல்லை ஒரே திசையில் தற்செயலாத் தெரியுதாங்கிற கேள்விக்கே விடை வர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1803-ல் வில்லியம் ஹெர்ஷல்தான் சில இரட்டைகள் உண்மையிலேயே சுற்றுகின்றன என்று காட்டினார்.

ஆல்ஃபா சென்டாரியின் இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றையொன்று சுற்றிவர சுமார் 80 வருஷம் எடுத்துக்கொள்கின்றன. அதனால் 1689-லிருந்து 80, 80 வருஷமா எண்ணிப் பார்த்தேன்.

முதல் சுற்று முடிஞ்சது 1769. அந்த வருஷம் ஜூன் மாசம் அதே பாண்டிச்சேரியில் லெ ஜாந்தி என்கிற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளி சூரியனைக் கடக்கிறதைப் பார்க்க வருஷக்கணக்காக் காத்திருந்தார். அந்தக் காலைப் பொழுது மேகம் மூடிடுச்சு. பார்க்க முடியல. ஆனா பாண்டிச்சேரியில் இருந்த காலத்தில் அவர் இன்னொன்று செஞ்சார்: தமிழ்க் கணியர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு எழுதி வச்சார்.

இரண்டாவது சுற்று 1849 வாக்கில் முடியுது. அப்போ மதராஸ் வான் ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். இரட்டை நட்சத்திரங்களை அளக்கிறதுதான் அவரது ஆர்வம்; ஆல்ஃபா சென்டாரியின் சுற்றுப்பாதையையும் கணக்கிட்டார். இதுக்குள்ள, நன்னம்பிக்கை முனையில் 1832, 1833-ல் செஞ்ச அளவுகளை வச்சு, தாமஸ் ஹெண்டர்சன் ஆல்ஃபா சென்டாரியின் தூரத்தை 1839-ல் வெளியிட்டிருந்தார். கணக்கைத் தாமதமா வெளியிட்டதால், ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை முதலில் அறிவிச்ச பெயர் 1838-லேயே ஜெர்மானியர் பெஸ்ஸலுக்குப் போயிடுச்சு. இன்னைக்கு நமக்குத் தெரியும்: 4.37 ஒளியாண்டு. அதாவது சுமார் 41 லட்சம் கோடி கிலோமீட்டர்.

மூணாவது சுற்று முடியறதுக்கு முன்னாடியே, 1915-ல், அந்த இரட்டைக்கு மூணாவது துணையான பிராக்சிமாவை ராபர்ட் இன்ஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து கண்டுபிடிச்சார். நாலாவது சுற்று 2009-ல் முடிஞ்சது. 2016-ல் பிராக்சிமாவைச் சுத்துற ஒரு கிரகம் அறிவிக்கப்பட்டது. இப்போ ஓடிட்டிருக்கிறது அஞ்சாவது சுற்று.

யாரோட கண்டுபிடிப்பு?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வந்துட்டோம். 'இந்தியாவின் முதல் டெலஸ்கோப் கண்டுபிடிப்பு'ன்னு சொன்னா, கேக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா பார்த்தவர் பிரெஞ்சுக்காரர், குறிப்பு போனது பாரிசுக்கு, அனுப்பினது கடல்வழியைப் பிடிக்க நினைச்ச ஒரு பேரரசு. இன்னொரு பக்கம், 'அது காலனிக்காரன் வேலை, நமக்கு அதில் என்ன இருக்கு'ன்னு ஒதுக்கிடவும் எனக்கு மனசு வரல.

எனக்குத் தோணுறது இதுதான். அதே விடியற்காலையில் கட்டுமரம் தள்ளப் போன மீனவர்களுக்கும் அந்த வால்நட்சத்திரம் தெரிஞ்சிருக்கும். அது தெரியாம இருக்கிற வானம் இல்லை. ஊரில் பஞ்சாங்கம் கணிக்கிறவங்க இருந்தாங்க, சாதாரணத் திறமை இல்லை அது. 1825-ல் ஜான் வாரன் மதராசில் வெளியிட்ட கால சங்கலிதா என்ற நூலில், தரையில் சோழிகளை அடுக்கி, சூத்திரங்களை மனப்பாடமாகச் சொல்லியே கிரகணத்தைக் கணக்கிட்ட ஒருவரைப் பற்றி எழுதியிருக்கார். அந்த அறிவும் டெலஸ்கோப்பும் 1689-ல் ஒரே கரையில் இருந்தன. ஒன்றோடொன்று பேசிக்கொண்டதற்கான அடையாளம் ரிஷோவின் அந்தச் சின்னக் குறிப்பில் இல்லை. லெ ஜாந்தி வந்து உட்கார்ந்து கேட்க 80 வருஷம் ஆச்சு. அதாவது, ஆல்ஃபா சென்டாரிக்கு ஒரு முழுச் சுற்று.

கருவி ஒருத்தர்கிட்ட, கணக்கு இன்னொருத்தர்கிட்ட, அச்சகம் மூணாவது ஆள்கிட்ட இருந்தா, எது வரலாறாகுதுன்னு யார் முடிவு பண்றாங்க? அச்சகம் யார் கையில் இருக்கோ அவங்கதான். ரிஷோவின் பெயர் நமக்குத் தெரியுறது அவர் எழுதி அனுப்பினதால். அவர் பார்த்தது நிஜம், அவருடைய பொறுமையும் நிஜம். அதே அளவு நிஜம், எழுதப்படாம போன மத்தவங்களும்.

இன்னைக்கு அந்த மூணும் உங்க கையிலேயே இருக்கு. அதனால ஒரு வீட்டுப்பாடம் தர்றேன். ஜூன் மாசம் நடுவில், ராத்திரி ஒன்பது மணிக்கு மேகம் இல்லாத நாளாப் பார்த்து, தெற்கு அடிவானம் மறைக்காத இடத்துக்குப் போங்க. மொட்டை மாடி, கடற்கரை, எதுவானாலும் சரி. தெற்கே ஒன்றரை முஷ்டி உயரத்தில் ரெண்டு பிரகாசமான நட்சத்திரம் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். இடது பக்கம், அதாவது கிழக்கே இருக்கிறதுதான் ஆல்ஃபா சென்டாரி. 60 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பை 80 மடங்கு உருப்பெருக்கத்தில் அதன்மேல் வைங்க. அடிவானத்தை ஒட்டி இருக்கிறதால படம் கொஞ்சம் நடுங்கும், அவசரப்படாம பாருங்க. ஒண்ணு ரெண்டாப் பிரியும்.

அடுத்த தடவை கண்ணுக்குத் தெரியுற வால்நட்சத்திரம் ஒண்ணு வந்தா, முதல் நாள் போட்டோ எடுத்துப் போட்டதோட நிறுத்திடாதீங்க. அஞ்சு நாளாவது தொடர்ந்து அதே நேரத்துக்குப் போங்க. தேதி, நேரம், இடம், பக்கத்தில் இருந்த நட்சத்திரம், இது நாலையும் தமிழிலேயே எழுதி வைங்க. எழுதினதை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.